பேக்கன் வாங்கிய பணமும் நான் தின்ற முந்திரியும்

பிசாசுக்கு ஆத்மாவை எழுதிக் கொடுக்க ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், சாட்சிக் கையெழுத்து வேண்டாம், சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் கால் கடுக்க நிற்கவும் வேண்டாம். சொந்த ரத்தத்தில் ஒரு கையெழுத்து போதும். இந்த அரிய தகவலை நான் தெரிந்துகொண்டது 1995-ல், சிதம்பரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு.

அப்போது எனக்குக் கடலூரில் ஓர் அரசாங்க ஆபீசில் இளநிலை உதவியாளர் உத்தியோகம். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். வயது இருபத்தாறு. வீட்டில் பெண் பார்க்கும் படலம் ஆரம்பித்திருந்தது. "பையன் பி.ஏ.தானா?" என்று இரண்டு இடத்தில் இழுத்தார்கள். மூன்றாவது இடத்தில் இழுக்கக்கூட இல்லை; காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அம்மா சொன்னாள்: "எதையாவது மேல படிடா. படிக்கிறான்னு சொல்லிக்கவாவது ஆச்சு."

எங்கள் ஜில்லாவில் மேலே படிப்பது என்றால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929-ல் ஆரம்பித்தது. 1979-லிருந்து தபாலிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். வேலையை விடாமல் பட்டம் வாங்க ஆசைப்பட்ட குமாஸ்தாக்களுக்கு அது ஒரு காமதேனு. நான் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்தேன். ஏன் ஆங்கிலம் என்றால், பெண் வீட்டார் மிரள்வார்கள் என்ற உயர்ந்த நோக்கம்தான்.

பாடப் புத்தகங்கள் கட்டுக் கட்டாகத் தபாலில் வந்தன. பிரித்துப் பார்த்தால் எனக்கே மிரட்சி. ஷேக்ஸ்பியர், மார்லோ, பேக்கன், மில்டன். எல்லாரும் முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முந்தின ஆசாமிகள். எதைத் திறந்தாலும் சாத்தான், சூனியக்காரி, பாவம், நரகம். ‘இது இலக்கியமா, மாந்திரீகமா?’ என்று சந்தேகம் வந்தது. சந்தேகம் தீர்க்கத்தான் அவ்வப்போது தொடர்பு வகுப்பு. கடலூரிலிருந்து பஸ் பிடித்து, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று குலுங்கிச் சிதம்பரம் போய், பெஞ்சில் உட்கார்ந்தால் சுற்றிலும் என்னைப் போலவே ஆசாமிகள். வாத்தியார்கள், பேங்க் குமாஸ்தாக்கள், கைக்குழந்தையோடு வந்த ஒரு டீச்சரம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமை மார்லோ எழுதிய ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’. மகா மேதாவி ஒருத்தன் எல்லாப் படிப்பும் படித்து அலுத்துப்போய், பிசாசோடு ஓர் ஒப்பந்தம் போடுகிறான். இருபத்துநான்கு வருஷம் அது இவனுக்குச் சேவகம் செய்யும். கெடு முடிந்ததும் ஆத்மா அதற்கு. கையெழுத்துப் போடும்போது ரத்தம் உறைந்து எழுத மறுக்கிறது. உடம்பே ‘வேண்டாம்டா’ என்று சொல்கிறது. பிசாசு நெருப்பைக் கொண்டுவந்து ரத்தத்தைச் சூடுபண்ணி எழுத வைக்கிறது.

சரி, இவ்வளவு பெரிய விலை கொடுத்து என்ன வாங்கினான்? அங்கேதான் சார் எனக்குச் சிரிப்பு வந்தது. போப்பாண்டவர் சாப்பாட்டைத் தட்டிப் பறித்தான். ஒரு குதிரை வியாபாரியை ஏமாற்றினான். குளிர்காலத்தில் பிள்ளைத்தாச்சி சீமாட்டி ஒருத்திக்குத் திராட்சைப் பழம் வரவழைத்துக் கொடுத்தான். ஆத்மாவை விற்றவனுக்குத் திராட்சை! எங்கள் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று பக்கத்துப் பேங்க்காரர் காதில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். எங்கள் தென்னாற்காட்டுப் பக்கம் தெருக்கூத்தில் துரியோதனன் வருவதென்றால் அமர்க்களம். திரைக்குப் பின்னால் சலங்கை அதிரும், கட்டியங்காரன் கட்டியம் கூறுவான், அப்புறம் கிரீடமும் புஜகீர்த்தியுமாக ஆள் பிரசன்னமாவான். ‘இதோ வந்துட்டான்டா கெட்டவன்’ என்று முன் வரிசையில் தூங்குகிற குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். இந்த இங்கிலீஷ்காரர்கள் அப்படி இல்லை. அவர்கள் கெட்டதை வெளியே கிரீடம் வைத்து நிறுத்துவதில்லை. ஆளுக்குள்ளே கொண்டுபோய் உட்கார வைத்து, அவனையே நியாயம் பேச விடுகிறார்கள். மாக்பெத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூனியக்காரிகள் ‘நீ ராஜா ஆவாய்’ என்றார்களே தவிர, ‘கொலை செய்’ என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. மீதியை அவனும் பெண்டாட்டியும் சேர்ந்து பூர்த்தி செய்துகொள்கிறார்கள். மில்டனின் சாத்தான் பேசுகிற பேச்சைக் கேட்டால் தேர்தலில் நின்றால் ஓட்டே போட்டுவிடலாம் போலிருக்கும்.

இதெல்லாம் பரீட்சைக்கு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நமக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று தோன்றவே இல்லை.

*

ஆபீசில் ஒரு சமாச்சாரம் நடந்துகொண்டிருந்தது.

இறந்துபோன, ஓய்வுபெற்ற சிப்பந்திகளுக்குச் சேரவேண்டிய நிலுவைத் தொகை என் சீட்டில். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் நிதி ஒதுக்கீடு வரும். வருகிற தொகை ஐந்தாறு ஃபைலுக்குத்தான் காணும். வந்த தேதி வரிசைப்படி பில் போட்டுக் கருவூலத்துக்கு அனுப்ப வேண்டும். மிச்சப் பேர் அடுத்த ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தத் தடவை ஆறு பேருக்குத் தேறியது. ஆறாவது ஃபைல், காவலாளியாக இருந்து காலமான ஒருவரின் மனைவி உடையது. பி.முட்லூர் தாண்டி உள்ளே ஏதோ கிராமம். பதினோராவது ஃபைல், ரிட்டயரான ஒரு பெரிய மனிதர் உடையது.

பெரிய மனிதர் ஒரு சாயங்காலம் வீட்டுக்கே வந்தார். வாய் நிறைய ‘தம்பி, தம்பி.’ பண்ருட்டியில் சொந்தத் தோப்பாம். போகும்போது ஒரு மஞ்சள் பையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். முழு முந்திரி, இரண்டு கிலோ. பணம் கொடுத்திருந்தால் சத்தியமாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன் சார். முந்திரியை எப்படித் திருப்பிக் கொடுப்பது? மரியாதையாக இருக்குமா? அன்று ராத்திரி அம்மா பக்கோடா போட்டாள்.

மறுநாள் பதினொன்று, ஆறு ஆனது. ஆறு, ஏழு ஆனது. குறிப்பில் ‘அவசரம் கருதி வரிசையில் மாற்றம் செய்யப்பட்டது’ என்று எழுதினேன். யார் செய்தது என்று அந்த வாக்கியத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அரசாங்கத் தமிழில் எழுவாய் எப்போதும் கேஷுவல் லீவில் இருக்கும்.

யாருடைய பணமும் போகவில்லை. மூன்று மாதம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். இப்படித்தான் எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். நன்றாகத் தூக்கமும் வந்தது.

*

அடுத்த பாடக் கட்டில் வந்து சேர்ந்தார் ஃபிரான்சிஸ் பேக்கன்.

நல்லது, கெட்டது, நட்பு, பொறாமை, பணம் என்று எல்லாவற்றையும் பற்றிக் கட்டுரை எழுதியவர். 1597-ல் பத்துக் கட்டுரையோடு ஆரம்பித்து, 1625-ல் ஐம்பத்தெட்டு ஆக்கினார். பெரிய பதவியில் இருப்பவர்களைப் பற்றியும் ஒன்று. லஞ்சத்தைத் தடுக்க உன் கையையும் உன் சிப்பந்திகள் கையையும் கட்டினால் மட்டும் போதாது, கொடுக்க வருகிறவன் கையையும் கட்டவேண்டும் என்று அதில் புத்தி சொல்கிறார். படித்துவிட்டு ஆபீசில் ஒட்டி வைக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

பக்கத்தைத் திருப்பினால் ஆசிரியர் வரலாறு. 1618-ல் லார்டு சான்ஸலர். இங்கிலாந்தின் நீதித் துறையில் உச்சி நாற்காலி. 1621-ல் லஞ்சம் வாங்கியதாக அதே ஆள் மேல் பார்லிமென்ட்டில் இருபத்தெட்டுக் குற்றச்சாட்டு! இதில் வேடிக்கை, முதலில் கிளம்பிய புகார்தான். இரண்டு பேர். ஒருவர் நூறு பவுண்டு கொடுத்தவர், இன்னொருவர் நானூறு பவுண்டு. ‘லஞ்சம் வாங்கினார்’ என்பதைவிட, ‘வாங்கிக்கொண்டும் எங்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்’ என்பதுதான் அவர்கள் வயிற்றெரிச்சல். நம் ஊர் ஆபீஸ் வாசலில் தினமும் கேட்கிற அதே ஒப்பாரி.

பேக்கன் கட்சியும் இதுதான்: பணம் வாங்கியது உண்மை, ஆனால் அதற்காக நியாயத்தை வளைக்கவில்லை. இருந்தாலும் கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார். நாற்பதாயிரம் பவுண்டு அபராதம், டவர் கோட்டையில் சிறை. ராஜா தயவில் சில நாளில் வெளியே வந்தார், அபராதமும் தள்ளுபடி. பதவி மட்டும் திரும்பி வரவில்லை.

எனக்குப் பெரிய ஆறுதல். உலக மகா அறிவாளியே கட்டுரை ஒரு கையால் எழுதி இன்னொரு கையால் வாங்கியிருக்கிறார். நான் என்ன, வெறும் முந்திரி!

ஆறுதல் தேடுகிறவனுக்கு ஊர் முழுக்க ஆதாரம் கிடைக்கும். தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போகிற வழியில் கெடிலம் ஓரமாக செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. 1690-ல் மராட்டியரிடமிருந்து கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்கு ஒரு கணக்கு: கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட வேண்டியது, குண்டு போய் விழுகிற தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம். எந்த ஊரில் சார் நிலம் அளக்க சர்வேயருக்குப் பதில் பீரங்கியைக் கூப்பிடுவார்கள்? குண்டை எவ்வளவு தூரம் போக வைக்கலாம் என்பது பீரங்கிக்காரனின் சாமர்த்தியம் என்று சென்னையிலிருந்து சூசகமாகக் குறிப்பு வேறு வந்தது. அதுவும் அந்தக் காலத்து இங்கிலீஷ்தான். சாத்தானும் இல்லை, பாவமும் இல்லை. ஆபீஸ் குறிப்பு. இன்றைக்கும் எங்கள் ஊரில் குண்டு உப்பலவாடி இருக்கிறது, குண்டு சாலை இருக்கிறது. விழுந்த குண்டின் பெயர் நிலைத்துவிட்டது; யாருடைய வயல் என்பது நிலைக்கவில்லை.

அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ 1667-ல் அச்சானபோது பதினெட்டு வயசுப் பையன். அவர் காலத்தில் சென்னைக் கரையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றினார்கள். கம்பெனி உத்தியோகத்தில் இருந்துகொண்டே சொந்தச் சொத்துச் சேர்த்தார் என்று புகார் பெருகி, 1692-ல் பதவி போனது. அப்புறம் 1718-ல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு சொச்சம். நன்றிக்குக் கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அதுதான் யேல் பல்கலைக்கழகம். அங்கே படித்து எத்தனையோ பேர் உருப்பட்டிருக்கிறார்கள். இதை நல்லது கணக்கில் எழுதுவதா, கெட்டது கணக்கில் எழுதுவதா? ஆடிட்டருக்கே தலை சுற்றும். எனக்கு என்னவோ சௌகரியமாகத்தான் இருந்தது. எல்லாம் கலந்துதான் இருக்கும்போலிருக்கிறது என்று சுண்டல் வாங்கித் தின்றேன்.

*

அடுத்த தொடர்பு வகுப்பு முடிந்து சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் ஏறினேன். இருட்டிவிட்டது. தூறல். பஸ்ஸில் பாதி விளக்கு எரியவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்த கிழவி என்னையே உற்றுப் பார்த்தாள்.

"தம்பி, நீங்க கடலூரு ஆபீசுல இருக்கிற புள்ளதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழாவது ஃபைல்.

"ஆமாம்மா. எங்க இந்தப் பக்கம்?"

"தம்பி ஊட்டுக்கு வந்தேன். கொஞ்சம் கைமாத்துக் கேக்கலாம்னு. அவனுக்கே இல்ல, பாவம், எங்கேர்ந்து குடுப்பான்?" மடியிலிருந்து வேகவைத்த மல்லாட்டையை எடுத்து என் கையில் ஒரு பிடி வைத்தாள். "சாப்புடுங்க. நாலு வாட்டி உங்க ஆபீசுக்கு வந்தேன். நீங்க ஒருத்தர்தான் உக்காரச் சொல்லிப் பேசினீங்க. மத்தவங்கள்லாம் வாசல்லயே வெரட்டுவாங்க."

மல்லாட்டை தொண்டையில் நின்றது.

"பணம் கிட்டத்தட்ட ரெடிதாம்மா. இன்னும் ரெண்டு மாசம்..."

"வரட்டும் தம்பி. நீங்க என்ன பண்ணுவீங்க, மேல இருக்கிறவன் குடுத்தாத்தானே. பேரன ஐ.டி.ஐ.ல சேக்கலாம்னு இருந்தேன். எடம் கெடச்சுது. பீசு கட்டக் கெடு முடிஞ்சு போச்சு. இந்த வருசம் போனா போவுதுன்னு ஒரு மெக்கானிக்கு சாப்புல உட்டுட்டேன். கைல காலுல அடிபடாம இருந்தா சரி."

பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் மல்லாட்டை உரித்துக்கொண்டே இருந்தேன். அந்த இருட்டில் எது நல்ல பருப்பு, எது சொத்தை என்று தெரியவில்லை. கடித்தால்தான் தெரிகிறது; தெரியும்போது கசப்பு வாய்க்குள் வந்துவிட்டிருக்கும்.

அன்று மத்தியானம் வகுப்பில் நடத்தியது ஞாபகத்துக்கு வந்தது. 1644-ல் மில்டன், புத்தகத் தணிக்கைக்கு எதிராக ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார். அதில் நன்மையும் தீமையும் கலந்து கிடக்கிற விதைக் குவியல் மாதிரி என்கிறார். தரம் பிரிப்பது அவ்வளவு கஷ்டம் என்று. மத்தியானம் அதைக் கேட்டபோது ‘ஆஹா, கலந்துதானே இருக்கு’ என்று என் கட்சிக்கு ஒரு சாட்சி சேர்த்துக்கொண்டேன். பஸ்ஸில்தான் உறைத்தது. கலந்து கிடக்கிறது, அதனால் சும்மா இரு என்று அந்த மனுஷன் சொல்லவில்லை. கலந்து கிடக்கிறது, அதனால் உட்கார்ந்து பொறுக்கு என்கிறார். எங்கள் அம்மா தினமும் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவது மாதிரி. கல் கலந்திருக்கிறது என்பதற்காக அவள் ஒருநாளும் கல்லோடு உலை வைத்ததில்லை.

பி.முட்லூரில் கிழவி இறங்கினாள். இறங்குமுன் என் தலையைத் தொட்டு, "நல்லா இருப்பா" என்றாள்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ‘அம்மா, மேலே இருக்கிறவன் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன்தான்’ என்று. சொல்லவில்லை. கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

*

திங்கட்கிழமை அதிகாரி முன்னால் போய் நின்றேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதிக் கொடுத்தேன். முதலில் ‘வரிசையில் தவறு நேர்ந்துவிட்டது’ என்றுதான் பேனா ஓடியது. கிழித்துப் போட்டேன். பேக்கன் லஞ்சம் வாங்கினாலும் ஒப்புக்கொள்ளும்போது எழுவாயோடு எழுதினார். நானும் எழுதினேன்: ‘வரிசையை மாற்றியது நான். காரணம் எதுவும் இல்லை.’ முந்திரி என்று எழுத மட்டும் தைரியம் வரவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன்யா, உனக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். அப்புறம் மெமோ கொடுத்தார். வேறொரு தலைப்பில் மிச்சம் கிடந்த தொகையை மாற்ற மேலே எழுதிக் கெஞ்சியதில், கிழவிக்கு ஒரு மாதம் முன்னதாகப் பணம் கிடைத்தது. ஐ.டி.ஐ. கெடு திரும்பக் கிடைக்கவில்லை.

பணம் வந்ததும் வீட்டு முருங்கைக்காய் ஒரு கட்டு கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். வேண்டாம் என்றால் கண் கலங்குகிறாள். ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஒன்றும் தப்பா, சரியா? இன்றுவரை தெரியாது.

பரீட்சையில் பேக்கன் வந்தார். பதினோரு பக்கம் எழுதினேன். பாஸ். எம்.ஏ. ஆனேன். கல்யாணமும் ஆனது, பெண் வீட்டார் மிரளவில்லை, மாமனாரே எம்.ஏ.

ரிசல்ட் வந்ததும் நடராஜர் கோயிலுக்குப் போனேன். எத்தனையோ தடவை பார்த்த சந்நிதிதான். அன்றைக்குக் கண் காலடிக்குப் போயிற்று. முயலகன். ஆட்டம் நடக்கிறது, நெருப்பு எரிகிறது, உடுக்கை அடிக்கிறது. அவன் மட்டும் காலுக்கு அடியில் கிடக்கிறான். சாமி அவனைக் கொல்லவில்லை. மிதித்துக்கொண்டு மட்டும்தான் நிற்கிறார். காலை எடுத்தால் எழுந்துவிடுவான்போல. அன்றைக்கு எனக்கு அது தெரிந்த முகமாக இருந்தது.

அப்புறம் பல வருஷம் சர்வீஸ் போட்டேன். மஞ்சள் பைகள் வந்தன. திண்ணையோடு திருப்பி அனுப்பினேன். பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் கால் கொஞ்சம் தூக்கிவிட்டுத்தான் மறுபடி ஊன்றியது.

அந்தப் பையன் மறு வருஷம் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தானா என்று கிழவியை நான் கேட்கவே இல்லை. கடலூரில் பைக் ரிப்பேருக்கு நிறுத்தும்போதெல்லாம், ஸ்பானரோடு குனிந்திருக்கிற ஆளின் முகத்தைப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். சில்லறை கேட்பதில்லை.